ஆளில்லாமல் ஏறும் ரயில்

டொரன்டோவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை 400-ல், ஏப்ரல் மாதக் காலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு காட்சி இலவசம். சாலையோரப் பள்ளங்களில் அழுக்கேறிய பனி இன்னும் கரையாமல் கிடக்கும். மரங்களில் ஓர் இலை இருக்காது. வலதுபுறம், வெளுத்த வானத்தில், முப்பது மாடி உயரத்துக்கு ஓர் இரும்புச் சிகரம். அதன்மேல் ரயில் ஒன்று நிதானமாக ஏறிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் அதில் ஒருவரும் இல்லை. உச்சியைத் தொடும், ஒரு கணம் தயங்கும், தலைகுப்புற விழும். கோடையில் அந்த இடத்தில் கேட்கும் அலறல் கேட்காது. சக்கரங்களின் இரைச்சல் மட்டும் வந்து போகும்.

அந்தச் சிகரத்தின் பெயர் லெவையத்தன். கனடாவின் மிகப் பெரிய கேளிக்கைப் பூங்காவான 'கனடாஸ் வொண்டர்லான்ட்' 2012-ல் திறந்த ரோலர் கோஸ்டர். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டால் அதில் முதல் முறை ஏறிய நாளை வகுப்பு, வருடத்தோடு சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ விசிட்டர் விசாவில் வரும் சித்தப்பா, பெரியம்மாக்களை நயாகராவுக்கு அடுத்தபடியாகக் கூட்டிப்போகிற இடமும் இதுதான். சிக்கல் எப்போது வருகிறதென்றால், அவர்கள் அக்டோபர் கடைசியில் வந்து இறங்கும்போது. டிக்கெட் வாங்கி, உள்ளே போய், பெரிய ரைடின் வாசலில் நின்றால் சங்கிலி போட்டிருக்கும். மழை இல்லை. கூட்டமும் இல்லை. "ஏன் மூடியிருக்கு?" என்றால் ஒற்றை வரிப் பதில்: குளிர்.

குளிர் என்றால் மனிதர்களுக்குத்தானே? இரும்புக்கு என்ன வந்தது?

எஞ்சின் இல்லாத வண்டி

ரோலர் கோஸ்டர் ரயிலில் எஞ்சின் கிடையாது என்பது பலருக்குத் தெரியும். நவீன ரயில்களில் பிரேக்கும் கிடையாது என்பது அவ்வளவாகத் தெரியாது. பிரேக்குகள் தண்டவாளத்தில், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் பொருத்தப்பட்டிருக்கின்றன. சங்கிலி ஒன்று ரயிலை உச்சிக்கு இழுத்துவிடும். அதற்குப் பிறகு அதை நடத்துவது புவியீர்ப்பு மட்டுமே. மாதச் சம்பளக்காரனின் நிலைமைதான்: உச்சியில் ஒரே தடவை கைக்கு வரும் ஆற்றலை வைத்துக்கொண்டு கடைசி மேடு வரைக்கும் சமாளிக்க வேண்டும். நடுவில் கடன் கொடுக்க ஆளில்லை.

லெவையத்தனின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 93 மீட்டர் உயரத்திலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் விழும் பொருள், பள்ளி இயற்பியல் சூத்திரப்படி மணிக்கு ஏறத்தாழ 154 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். பூங்கா சொல்லும் உச்ச வேகம் 148. வேகத்தில் சிறிய வித்தியாசமாகத் தெரிந்தாலும் ஆற்றல் கணக்கில் அது சுமார் 7 சதவீதம். முதல் இறக்கத்திலேயே அவ்வளவும் சக்கர உராய்வுக்கும் காற்றுக்கும் கப்பமாகப் போய்விடுகிறது. இன்னும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாதை மிச்சமிருக்கிறது.

அந்தக் கப்பத்தைத்தான் குளிர் கூட்டிவிடுகிறது. ஓர் இடத்தில் அல்ல, நாலைந்து இடங்களில் ஒரே நேரத்தில்.

சக்கரத்தின் பேரிங்குகளில் இருக்கும் கிரீஸ் முதலில். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. அடுத்தது சக்கரத்தின் மேலுறை. ரயில் சத்தம் குறைவாக ஓடுவதற்காக உலோகச் சக்கரத்தின்மேல் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருளை வார்த்திருப்பார்கள். வெதுவெதுப்பில் அது அமுங்கி உடனே நிமிரும். வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். குளிரில் இறுகி, நிமிரச் சோம்பல்படும். ஆற்றல் உள்ளேயே வீணாகும். அதிகக் குளிரில் வேகமாக ஓட்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வருவதும் உண்டு.

மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: காற்று. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.16 கிலோ. பூஜ்ஜியத்தில் 1.29 கிலோ. ரயில் கிழித்துக்கொண்டு போகவேண்டிய காற்று பத்து சதவீதத்துக்கும் மேல் கனத்துவிடுகிறது. எதிர்காற்றும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

கூட்டம் குறைந்த நாள் என்பதும் ஒரு காரணி. ஆளில்லாத ரயில் இலேசாக இருக்கும். முட்டி மோதும் காற்று அதே அளவுதான், ஆனால் முட்டித் தள்ளுவதற்கு எடை இல்லை. அதனால்தான் சோதனை ஓட்டங்களில் மனித எடைக்கு ஈடாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை இருக்கையில் கட்டி அனுப்புகிறார்கள். உறைகுளிரில் அந்தப் பொம்மைகளின் வயிற்றுத் தண்ணீரும் கட்டியாகிவிடும் என்பது தனிக் கதை.

இதெல்லாம் கூடிப்போய், ரயில் ஒரு மேட்டை ஏறமுடியாமல் பாதியில் நின்று, பின்னால் வழுக்கி, முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஓய்ந்துவிட்டால் அதை 'வேலியிங்' என்கிறார்கள், பள்ளத்தில் படுத்துவிட்டது என்ற பொருளில். ஒவ்வொரு தயாரிப்பு நிறுவனமும் தன் ரைடுக்கு 'இந்த வெப்பநிலைக்குக் கீழே ஓட்டாதே' என்று ஓர் எல்லையை எழுதிக் கொடுப்பதற்கு இது முக்கியமான காரணம். அந்த எல்லை உறைநிலையில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அதற்குச் சில டிகிரி மேலேயே பல பெரிய ரைடுகள் நின்றுவிடும்.

■ பெட்டிச் செய்தி: ஒரு மீட்டர் எங்கே போகிறது?

லெவையத்தன் பாதையின் நீளம் சுமார் 1,672 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் எஃகு, மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நீளும் அல்லது சுருங்கும். டொரன்டோவின் கோடைப் பகலுக்கும் தை மாத இரவுக்கும் 50 டிகிரி வித்தியாசம் சாதாரணம். பாதை முழுவதையும் நேர்கோடாக நீட்டிப்போட்டால், குளிர்காலத்தில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டையாகியிருக்கும்! நிஜத்தில் அந்த ஒரு மீட்டரை வளைவுகளும் உயரமான தாங்குதூண்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து, வளைந்து கொடுத்து ஏற்றுக்கொள்கின்றன. தூண்கள் அடியில் அசையாமல் இருக்க, அஸ்திவாரம் நிலத்தின் உறைமட்டத்துக்குக் கீழே போகவேண்டும். டொரன்டோ வட்டாரத்தில் அது 1.2 மீட்டர். அதற்கு மேலே நின்றுவிட்டால் உறையும் மண்ணே தூணைத் தூக்கிவிடும்.

நின்றுபோனால் என்ன ஆகும்?

ஆளில்லாத ரயில் பள்ளத்தில் நின்றால் பூங்காவுக்குத் தலைவலி. கிரேன் வரவேண்டும், அல்லது கம்பி கட்டி இழுக்கவேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் ஆகலாம். ஆள் இருக்கும்போது நின்றால் அது வேறு விஷயம்.

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2-ம் தேதி நடந்தது குளிரால் அல்ல, காற்றால். ஆனால் ரயில் நின்றுபோவதன் அபாயத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறில்லை. 'ஸ்மைலர்' என்ற கோஸ்டரில் சோதனைக்காக அனுப்பிய காலி ரயில், பலத்த காற்றில் மேடேற முடியாமல் பாதியில் நின்றது. முன்னால் தடை இருக்கிறது என்று கணினி அடுத்த ரயிலை நிறுத்திப் பிடித்தது. கணினிதான் தவறு செய்கிறது என்று நினைத்து ஊழியர்கள் அதை மீறி ரயிலை விட்டார்கள். அதில் 16 பேர் இருந்தார்கள். மோதலில் அத்தனை பேரும் காயமடைந்தார்கள். இரண்டு இளம்பெண்கள் காலை இழந்தார்கள். சிக்கியவர்களை இறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் பூங்காவின் உரிமையாளரான மெர்லின் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

மோதல் எதுவும் இல்லாமல், சங்கிலி ஏற்றத்தின் நடுவே ரயில் வெறுமனே நின்றாலும் குளிர்காலத்தில் நிலைமை மாறிவிடும். ஜூலையில் அது செல்போனில் படமெடுத்துச் சிரிக்கிற விஷயம். நவம்பரில், எழுபது எண்பது மீட்டர் உயரத்தில், காற்றுக்கு மறைவே இல்லாத இடத்தில், கை விறைத்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கவேண்டும். இறங்குவதற்கு ஓரத்தில் குறுகலான இரும்புப் படிகள் உண்டு. அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத உறைபனிப் படலம் இருந்தால் அந்தப் படிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காப்பாற்றப் போகிறவரே வழுக்கி விழுவார். பாதுகாப்பாக இறக்கமுடியாத இடத்துக்கு ஆளை ஏற்றக்கூடாது என்பது எளிய நியாயம். வாசலில் சங்கிலியைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, உடுப்பு. குளிருக்குத் தடித்த ஜாக்கெட்டோடு உட்கார்ந்தால் மடிமேல் இறங்கும் பூட்டுக்கம்பி உடம்பை அழுத்தாது. ஜாக்கெட்டின் பஞ்சைத்தான் அழுத்தும். ரயில் கவிழும்போது பஞ்சு அமுங்கும், இடைவெளி விழும். ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாமே என்றால், கனடா வானிலைத் துறையின் காற்றுக்குளிர் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள்: வெளியே 5 டிகிரி இருக்கும்போது 148 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் முகத்துக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 5.

தண்ணீரைத் துரத்துகிற மாதம்

குளிர்காலத்துக்காகப் பூங்கா மூடிய மறுவாரத்திலிருந்து ஊழியர்களின் முதல் எதிரி தண்ணீர். உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். எந்தக் குழாயும், எந்தப் பம்ப்பும், எந்த வால்வும் அந்த விரிவுக்கு முன்னால் நிற்காது. வொண்டர்லான்டின் நடுவே இருக்கும் செயற்கை மலையின் அருவி, படகு ரைடுகள், 'ஸ்பிளாஷ் வொர்க்ஸ்' நீர்ப்பூங்கா எல்லாவற்றையும் வற்றவைக்கவேண்டும். வற்றவைத்தால் மட்டும் போதாது. குழாய் வளைவுகளில் தங்கிய தண்ணீரை அழுத்தக் காற்றை அடித்து வெளியேற்றவேண்டும். அப்படியும் போகாத மூலைகளில் உறையெதிர்ப்புத் திரவம் ஊற்றுவது வழக்கம்.

ஆனால் குளங்கள் எல்லாவற்றையும் ஒட்ட வற்றவிடமாட்டார்கள். காலியான கான்கிரீட் தொட்டி நிலத்தடி நீரில் ஒரு படகு மாதிரி. கீழேயிருந்து தண்ணீர் தள்ளினால் தொட்டியே மேலெழும்பி வெடித்துவிடும். அதனால் சில தொட்டிகளில் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீரை விட்டுவைத்து, அது உறைவதையும் கண்காணிப்பார்கள். எதை விடுவது, எதை எடுப்பது என்பது பழைய ஊழியர்களின் கைவசம் இருக்கும் ஞானம்.

வெற்றுக் குழல்களாலான தூண்களும் தண்டவாளங்களும் இன்னும் நுட்பமான தொல்லை. எங்கோ ஒரு வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் கோடை மழை உள்ளே இறங்கும். வெளியிலிருந்து பார்க்க எதுவும் தெரியாது. ஜனவரியில் உறைந்து, உள்ளேயிருந்தே குழலைப் பிளக்கும். பிரேக்குகளை இயக்கும் அழுத்தக் காற்றுக் குழாய்களிலும் இதே கதைதான். காற்றிலிருக்கும் ஈரப்பதம் வால்வில் உறைந்தால் பிரேக் திறக்காது. நல்ல வேளையாக, இந்த பிரேக்குகள் காற்று போனால் மூடிக்கொள்ளும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. ரயில் ஓடிப்போகாது, நிற்கும்.

எஃகுக்கே குளிர் ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். கோடையில் வளைந்து கொடுக்கும் எஃகு, கடும் குளிரில் கண்ணாடியின் குணத்தை நோக்கி நகரும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் 1943 ஜனவரியில், 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம் புதிய டேங்கர் கப்பல், அலையில்லாத தண்ணீரில் நின்றபடியே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. அந்தக் காலத்து எஃகும் வெல்டிங்கும் வேறு. ஆனால் மயிரிழை விரிசல் ஒன்று குளிரில் எப்படி ஓடும் என்பதை அதற்குப் பிறகு எந்தப் பொறியாளரும் மறக்கவில்லை.

கழற்றிப் போட்ட ரயில்

அப்படியானால் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்குத்தான் பூங்கா மூடியிருக்கும் இந்த ஆறு மாதம்.

சீசன் முடிந்ததும் ரயில்களைத் தண்டவாளத்திலிருந்து விலக்கி, சூடேற்றிய பணிமனைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ரயில் ரயிலாக இருக்காது. சக்கரங்கள் ஒரு பக்கம், அச்சுகள் ஒரு பக்கம், இருக்கைகளும் பூட்டுக்கம்பிகளும் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பெட்டியிலும் தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டில் உரசும் சக்கரம், ரயில் எகிறிவிடாமல் அடியில் பிடிக்கும் சக்கரம் என மூன்று வகை உண்டு. மொத்தச் சக்கரங்களையும் எண்ணினால் தலை சுற்றும். பெயின்டைச் சுரண்டிவிட்டு, அச்சுகளைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தைப் பூசி, இருட்டில் புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே தூள் கோடாகத் திரண்டு பச்சையாக மின்னும். தேய்ந்தது குப்பைக்குப் போகும், சந்தேகத்துக்குரியதும் அதே குப்பைக்கு. ஒன்டாரியோ மாநிலத்தில் கேளிக்கை ரைடுகளுக்கு அனுமதி தருவது டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு ஆணையம். அதன் ஆய்வாளர் வந்து பார்க்கும்போது இந்த வேலைகளுக்கெல்லாம் ஏடு இருக்கவேண்டும்.

வெளியே, தண்டவாளத்தில் வேலை நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான போல்ட்டுகளைக் குறித்த இறுக்கத்துக்குச் சரிபார்க்க ஆட்கள் இடுப்பில் கயிறோடு ஏறுகிறார்கள். கோடையில் பாப்கார்ன் வாசனை வரும் இடத்தில் அப்போது டீசல் ஹீட்டரின் வாசனை. பூங்காவைப் பற்றிய விளம்பரங்களில் இவர்கள் முகம் வருவதே இல்லை என்பது எனக்குள்ள சின்ன வருத்தம்.

■ பெட்டிச் செய்தி: மரத்துக்கு வேறு நியாயம்

வொண்டர்லான்ட் 1981-ல் திறந்தபோதே இருந்த 'மைட்டி கனேடியன் மைன்பஸ்டர்' ஒரு மரக் கோஸ்டர். மரம் வெப்பத்தைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் அசையும். மழையில் ஊறும், உலர்காற்றில் சுருங்கும். இணைப்பில் புகுந்த தண்ணீர் உறைந்து உருகி உறைந்து, ஆணியையும் போல்ட்டையும் மெல்ல மெல்லத் தளர்த்தும். மரப் பாதை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பலகைகள், அவற்றின் உச்சியில் ஓர் எஃகுப் பட்டை. மட்கிய பலகைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றுவது பெரும்பாலும் குளிர்கால வேலை. கோடையில், தினமும் காலையில் ஒருவர் பாதை முழுவதும் நடந்து பார்ப்பார். நூறு வயதை நெருங்கும் நியூயார்க் கோனி தீவின் 'சைக்ளோன்' (1927) இன்றும் ஓடுகிறதென்றால், அதன் பலகைகளில் எத்தனை ஆரம்பத்திலிருந்து இருப்பவை என்று கேட்கக்கூடாது.

மூடாமல் இருக்க ஆசை

ஆறு மாதம் வருமானம் இல்லாத வியாபாரம் எந்த முதலாளிக்கும் கசக்கும். முன்காலத்து ராட்டினக்காரர்களுக்கு வழி இருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விடுவார்கள். ஃபுளோரிடாவின் கிப்சன்டன் என்ற சிற்றூரே அப்படிக் குளிர்காலம் கழிக்க வந்த திருவிழாத் தொழிலாளர்களால் பேர்பெற்றது. 93 மீட்டர் சிகரத்தை லாரியில் ஏற்றமுடியாது. ஆகவே பூங்காக்கள் வாடிக்கையாளரைக் குளிரிலேயே வரவழைக்கப் பார்க்கின்றன.

ஐரோப்பாவில் இதற்கு உதாரணங்கள் உண்டு. கோபன்ஹேகன் நகரின் டிவோலி 1843-ல் திறந்த தோட்டம். 1994 முதல் கிறிஸ்துமஸ் சீசனுக்கும் திறக்கிறது. ஜெர்மனியின் ஐரோப்பா-பார்க் 2001-லிருந்து. டிவோலியில் ஒரு சுவாரசியம் உண்டு. அங்கே 1914-ல் கட்டிய மரக் கோஸ்டரில் இன்றும் ரயிலுக்கு நடுவே ஓர் ஊழியர் உட்கார்ந்து கையால் பிரேக் பிடிக்கிறார். ரயில் இன்று சோம்பலா, துள்ளலா என்று உடம்பால் உணர்ந்து, சோம்பலான நாளில் பிரேக்கைத் தொடாமல் விட்டு, துள்ளலான நாளில் அழுத்துகிறார். நவீனக் கோஸ்டரில் அப்படி ஒருவருக்கு இடமில்லை. அதனால்தான் அந்த மூத்த கிழவி ஓடுகிற வெப்பநிலையில் இளைய ராட்சதர்கள் படுத்துவிடுகிறார்கள்.

வொண்டர்லான்ட் 2019-ல் 'வின்டர்ஃபெஸ்ட்' தொடங்கியது. லட்சக்கணக்கான விளக்குகள், நீரூற்று இருந்த இடத்தில் ஸ்கேட்டிங், சூடான சாக்லேட், குழந்தைகளுக்குச் சில மெதுவான ரைடுகள். பெரிய கோஸ்டர்கள் இருட்டில் பின்னணியாக நின்றன. பனி விழும் இரவில் அது அழகாக இருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஆண்டுகளின் காலண்டரை ஒருமுறை பாருங்கள். ஹாலோவீன் கூட்டம் அக்டோபர் கடைசி வரை. உடனே விளக்குக் கட்டும் வேலை. புத்தாண்டு வரை கூட்டம். ஏப்ரல் கடைசியில் மறுபடி கதவு திறக்கவேண்டும். கழற்றி, சோதித்து, பூட்டி, ஓட்டிப் பார்க்கவேண்டிய மாதங்களை இரு முனையிலிருந்தும் நறுக்கிக்கொண்டே வந்தார்கள். அதே ஆட்கள்தான் குளிர்கால ரைடுகளையும் பராமரிக்கவேண்டியிருந்தது. இதனால் இங்கே எதுவும் கெட்டுவிட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. சீசன் பாஸ் விற்கும்போது 'இன்னும் அதிக நாள்' என்பதை மட்டும் பெரிதாக அச்சடித்தார்கள் என்று சொல்லலாம். மூடியிருக்கும் நாட்களுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்த நாட்கள் குறைவது நமக்கு லாபமா என்பதை வாசலில் நிற்கும் சித்தப்பாவும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

■ பெட்டிச் செய்தி: சென்னைக்கு வந்த தங்கை

லெவையத்தனைச் செய்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபில்லார்ட் நிறுவனம். அதே நிறுவனத்தின் கைவேலை இப்போது சென்னைக்குப் பக்கத்திலும் உண்டு. திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா பூங்காவின் 'தஞ்சோரா'தான் அது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். அதே கிரீஸ், அதே வகைச் சக்கரம், நேரெதிர் வானிலை. டொரன்டோவில் உறைபனி செய்யும் வேலையை இங்கே வெயிலும் கடலோர உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் செய்யும். துருவுக்கு ஆறு மாத விடுமுறை கிடையாது.

கடைசி ரயில்

கோஸ்டர் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்களிடம் எப்போது ஏறுவது நல்லது என்று கேட்டால் காலை முதல் ரயிலைச் சொல்லமாட்டார்கள். இரவெல்லாம் குளிரில் நின்ற சக்கரம், கட்டிக் கிரீஸ். அன்றைய நாளின் மிக மெதுவான ஓட்டம் அதுதான். மே மாதத்தில் இயற்பியல் படிக்க வொண்டர்லான்டுக்கு வரும் பள்ளி மாணவர்கள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஸ்டாப் வாட்ச் பிடித்தால் வித்தியாசத்தைக் கையிலேயே பார்த்துவிடலாம். ஓட ஓடச் சக்கரம் சூடேறி, கிரீஸ் இளகி, ரயிலுக்கு வயது குறைந்துகொண்டே வரும்.

ஆகவே அவர்கள் காத்திருப்பது இரவின் கடைசி ரயிலுக்கு. அதிலும் சீசனின் கடைசி இரவென்றால், கையுறை போட்ட கைகளைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பகல் முழுக்க ஓடிச் சூடேறிய ரயில் அவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். கீழே நெடுஞ்சாலை 400-ன் விளக்குகள், தூரத்தில் டொரன்டோ கோபுரம். இறங்கி வந்ததும் ஊழியர் ஒருவர் பூட்டுக்கம்பிகளைத் தூக்கிவிட்டு, இருக்கைகளில் யாராவது தொப்பியை விட்டுப்போயிருக்கிறார்களா என்று பார்ப்பார். அதே ரயிலின் சக்கரங்களைக் கழற்ற ஸ்பானரோடு இன்னொருவர் மறுநாள் காலை வருவார்.